நாலு காலும் சாக்கில்

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். இன்றைக்கு அந்த வார்த்தை பேனாவில் இறங்கவில்லை. இறங்காததை இழுத்துப் பிடித்து எழுத எனக்குத் தெரியாது. நலமா என்று நீ கேட்டிருக்கிறாய். வியாழக்கிழமை தபால்காரர் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து போடும்வரை நலமாகத்தான் இருந்தோம். மூலையில் மஞ்சள் தடவி, கனமான அட்டையில், பிள்ளையார் படம் போட்டு அழகாகத்தான் அடித்திருக்கிறாய். பெண்ணின் அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, அவர் படிப்பு, உத்தியோகம் எல்லாம் இருக்கிறது. உன் பக்கத்தில் என் பெயர் மட்டும் ஒற்றையாக நிற்கிறது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா ஒன்றை வாங்கி வாசித்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். “யக்கா, அண்ணாச்சி நல்லாத்தான இருக்காக? இப்பத்தான சைக்கிள்ல போறதப் பாத்தேன்!” என்றாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது பெண்டாட்டி பெயரைத் தனியாக அச்சடித்தால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? என் கழுத்தில் கிடக்கிற தாலியை நீ அச்சாபீசில் வைத்து அறுத்திருக்கிறாய்.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகையை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு இன்னொரு தடவை வாசித்தார். “அச்சு நல்லா விழுந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, நம் நாய் சிட்டுவுக்குச் சோறு பிசையப் போய்விட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு உன் மேல் வந்த கோபத்தை இந்தத் தாளில் எழுத முடியாது. அவர் மேலும் வந்தது. என் மேல் வந்ததுதான் எல்லாவற்றையும்விட அதிகம். அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனை தாள் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இதை ஒளித்து வைத்து வாசிக்காதே. உன் வருங்கால மாமனாரையும் மாமியாரையும் அந்தப் பெண்ணையும் உட்கார வைத்துச் சத்தமாக வாசி. நீ அவர்களிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறாய் அல்லவா, அதன் மீதிப் பாதியை அவர்களும் கேட்கட்டும்.

போன மாதம் நீ வந்திருந்தபோது பின்வாசலில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. “அம்மா, அவங்க குடும்பமே நாயைப் பிள்ளை மாதிரி வளக்கிறவங்க. அப்பா நம்ம நாய் மைனாவை அடிச்சு, அது பயந்து பலகையில இருந்து குதிச்சுத் தோளை ஒடிச்சுக்கிட்டதை நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். இப்ப அவரை எப்படி மேடையில கொண்டாந்து நிறுத்துறது? நீங்க மட்டும் வாங்க.” சொல்லி முடித்த வாயோடு, “சிட்டுவைக் கல்யாணத்துக்கு முன்னாடி அனுப்பி வைங்கம்மா, கிளப்புல நாய்ப் போட்டி இருக்கு, பொண்ணோட அப்பாதான் தலைவர்” என்றும் சொன்னாய். அப்பா வேண்டாம், அப்பா வளர்த்த நாய் வேண்டும். நல்ல நியாயம்! நான் அப்போது பதில் பேசவில்லை. பயந்துதான் பேசவில்லை. அந்தக் கதையில் நான் பேசாமல் இருந்தது அது முதல் தடவை அல்ல. இனி பேசாமல் இருக்கப் போவதில்லை.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். உன் அப்பா பட்டாளத்தில் பதினைந்து வருஷம் நாய்ப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பழக்கியதெல்லாம் அல்சேஷன். சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கும் சாதி. இங்கே குத்துக்கல்வலசையில் நாம் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, ஆய்க்குடியில் என் அண்ணன் வீட்டில் பிறந்த கன்னி சாதி வேட்டைநாய்க் குட்டியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். அதுதான் மைனா. கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு தவிட்டு நிறப் பொட்டு. முயலைக் கண்டால் வரப்பு, வேலி எதுவும் கண்ணுக்குத் தெரியாது, பறப்பாள். அந்த நாயைக் குற்றாலத்துச் சீசன் கண்காட்சியில் பலகை ஏற்றி இறக்கிக் காட்டுவேன் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏறும் பலகை ஒன்று, நெஞ்சு உயரத்தில் நடக்கும் பலகை ஒன்று, இறங்கும் பலகை ஒன்று. இறங்கும் பலகையின் கடைசி இரண்டு முழத்துக்கு மஞ்சள் பெயின்ட். அந்த மஞ்சளை மிதித்து இறங்கினால்தான் கணக்கில் எடுப்பார்கள். உயரத்திலிருந்து குதித்தால் நாய்க்குத் தோள் போய்விடும் என்பதற்காக வைத்த விதி அது. பந்தயத்துக்காக வைத்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இரண்டு மாதம் உன் அப்பா அந்தப் பலகையோடு மல்லுக்கட்டினார். கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தால் மைனா இறங்குவாள். பட்டையை விட்டால் உச்சியிலிருந்தே ஒரே தாவு. அந்தச் சமயத்தில் நானும் அவளோடு வேறொரு மல்லுக்கட்டில் இருந்தேன். சாரல் காலம். கொல்லை முழுக்கச் சேறு. கூட்டி மெழுகிய தரையில் இவள் வந்து கோலம் போடுவாள். அதனால் பின்வாசல் படிக்கு வெளியே ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டேன். முன்னங்கால் இரண்டையும் சாக்கில் வைப்பாள், பின்னங்கால் சேற்றிலேயே இருக்கும். நான் திட்டவில்லை, தள்ளவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நிற்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். முனகுவாள். அப்படி இப்படி நகர்வாள். தற்செயலாக ஒரு பின்னங்கால் சாக்கில் படும். இன்னொன்று படும்போது “சரி” என்று சொல்லித் தட்டைக் கீழே வைப்பேன். சாக்கில் நின்றபடியே சாப்பிட வேண்டும். பத்தே நாள். பிறகு நான் தட்டை எடுத்தாலே ஓடிவந்து நாலு காலையும் சாக்கில் வைத்து நிற்பாள். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நாய்க்குத் தன் முன்னங்கால் தெரியும். பின்னங்கால் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அதை நாம்தான் அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

“ஏங்க, இந்தச் சாக்கக் கொண்டுபோய் இறங்குத பலகைக்கு அடியில, பலகைய ஒட்டிப் போடுங்க. நாலு காலும் சாக்குல வைக்கணும்னா அவ நடந்துதான இறங்கணும்” என்றேன். உன் அப்பா சிரித்தார். “ஏட்டி, அடுப்பங்கரைச் சாக்க வச்சி நாயப் பழக்கவா நான் பட்டாளத்துல பதினஞ்சு வருஷம் இருந்தேன்?” என்றார். மூன்றாம் நாள் அவரே வந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “அந்தச் சாக்கக் கொஞ்சம் தா” என்றார். போட்டோம். நான் தட்டோடு நாலு எட்டு தள்ளி நின்றேன். மைனா உச்சிக்கு வந்தாள், சாக்கைப் பார்த்தாள், நின்றாள். பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, மஞ்சளை முழுக்க மிதித்து இறங்கி, நாலு காலும் சாக்கில் நிற்க, என் முகத்தைப் பார்த்தாள். “சரி” என்றேன். உன் அப்பா என்னிடம் வந்து பட்டாளத்துக்காரர்கள் செய்வதுபோல என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் என்னை ஒரு ஆளாக மதித்தது அந்த ஒரு நிமிஷம்தான் என்று அப்போது நினைத்தேன். அதனால்தான் அடுத்த வாரம் நடந்தது அவ்வளவு வலித்தது.

செங்கோட்டைப் பக்கத்து மலையாளத்து எஸ்டேட் முதலாளி ஒருவர் தன் நாய்களைப் பழக்கக் கொடுப்பது பற்றிப் பேச வந்திருந்தார். மைனா இறங்குவதைப் பார்த்துவிட்டு, “கொள்ளாம், கொள்ளாம்! இது யாரோட யோசனை?” என்று கேட்டார். நான் காப்பி தம்ளரோடு வந்துகொண்டிருந்தேன். உன் அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார். “நம்ம முறைதான் சார். பட்டாளத்துல நானே கண்டுபிடிச்சது.” நான் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சண்டை போட்டிருக்க வேண்டும். தம்ளரைத் தூக்கி எறிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு உள்ளே வைத்துக்கொண்டேன் பார், அதுதான் விஷமாகிப் போனது. உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் இதை மட்டும் கோபமில்லாமல் சொல்கிறேன். உன் பெண்டாட்டி ஒரு வழி சொல்லி, அது பலித்தால், நாலு பேர் முன்னால் அது அவள் சொன்னது என்று சொல்லிவிடு. உன் மீசை ஒன்றும் உதிர்ந்துவிடாது.

மறுநாள் உன் அப்பா பென்ஷன் விஷயமாகப் பாளையங்கோட்டைக்குப் போனார். தங்கை வீட்டில் தங்கி, எட்டு நாள் கழித்து, கண்காட்சிக்கு முந்தின நாள்தான் வருவதாக ஏற்பாடு. போகும்போது, “சாக்குப் பழக்கத்த விட்ராத. நாலு காலும்” என்றார். “ஒங்க முறைதான? நாய்க்கே தெரிஞ்சிருக்கும்” என்றேன். அவருக்கு உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் மைனா வந்து முன்னங்கால் இரண்டையும் சாக்கில் வைத்தாள். பின்னங்கால் வருவதற்குள் நான் “சரி” என்று சொல்லித் தட்டை வைத்துவிட்டேன். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பின்னங்காலைக் கொண்டுவர வேண்டும் என்ற நினைப்பே அவளுக்குப் போய்விட்டது. கை ஒழியவில்லை, மழை, வேலை என்றெல்லாம் எனக்கே நான் பொய் சொல்லிக்கொள்ள முடியும். உன்னிடம் சொல்லப் போவதில்லை. இவர் முறை நான் இல்லாமல் எப்படி நிற்கிறது பார்ப்போம் என்றுதான் செய்தேன். எட்டு நாள், இரண்டு வேளை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை.

இப்போது நீ கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் அந்தச் சனிக்கிழமை. உன் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு மைனாவைப் பலகையில் ஏற்றினார். உச்சிக்கு வந்தவள் அங்கிருந்தே தாவி, முன்னங்கால் இரண்டையும் சாக்கில் போட்டாள். பின்னங்கால் மஞ்சளைத் தொடவே இல்லை. மறுபடி ஏற்றினார். மறுபடி தாவல். கையில் இருந்த மூங்கில் கம்பால் பலகையை ஓங்கி ஒரு அடி அடித்தார். பலகையைத்தான், மகனே. நாயை அல்ல. நான் வாசலில் நின்று பார்த்தேன். மைனா சத்தத்துக்குப் பயந்து விலகி ஓடியதில் கால் பலகைக் கட்டையில் இடித்து, வீலென்று கத்தினாள். அந்த நேரத்தில்தான் நீ பந்து விளையாடிவிட்டுச் சந்து வழியாக உள்ளே வந்தாய். அவர் கையில் கம்பு, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாய். “அம்மா, அப்பா மைனாவ அடிச்சாராம்மா?” என்று என்னிடம் கேட்டாய். பதினாலு வயசு உனக்கு. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “போய்க் கை கால் கழுவு” என்றேன். இல்லை என்று சொன்னால், பிறகு அவர் ஏன் கம்பை ஓங்கினார் என்று நீ கேட்பாய், மைனா ஏன் தாவினாள் என்பதுவரை வருமே.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் பொறுமையாக உட்கார்ந்து பழக்கினார். இரண்டு மூன்று தடவை நாலு கால் வைத்தாள். தான் ஊரில் இல்லாததால் தடுமாறுகிறாள், நாளைக்குச் சரியாகிவிடுவாள் என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எமர்ஜென்சி வந்த வருஷத்துச் சீசன் அது. மறுநாள் குற்றாலத்தில் சாரல் விடாமல் தூறியது. பலகை நனைந்து கிடந்தது. கண்காட்சியில் சாக்குப் போட விடமாட்டார்கள், மஞ்சள் மட்டும்தான். மைனா உச்சிக்கு வந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள், என்னைப் பார்த்தபடியே தாவினாள். முன்னங்கால் ஈரப் புல்லில் வழுக்கி, உடம்பு முழுக்க அதன் மேல் வந்து விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ என் பக்கத்திலிருந்து கத்தினாய். “அப்பாதான்! நேத்து அவர்தான் அடிச்சாரு!” அத்தனை சனமும் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் நாயை மடியில் போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

தென்காசி மாட்டாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நீ பாயைத் தூக்கிக்கொண்டு மைனா பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாய். உன் அப்பா பின்வாசலுக்குப் போனார். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்குக்குப் பின்னால் ஈர மண்ணில் இரண்டு குழி. எட்டு நாளாக இரண்டு பின்னங்காலும் ஒரே இடத்தில் நின்று நின்று பதிந்த குழி. உன் அப்பா குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். ஒரு விரலை விட்டு ஆழம் பார்த்தார். நாய்த் தடத்தை வாசித்தே பதினைந்து வருஷம் சம்பளம் வாங்கிய மனுஷன். பிறகு காலால் மண்ணைத் தள்ளி இரண்டு குழியையும் மூடி, மிதித்துச் சமப்படுத்திவிட்டு, சாக்கை எடுத்துக் கொடியில் காயப்போட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவேளை அவருக்குப் புரியவில்லையோ என்று நான் பதிமூன்று வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மைனா அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள். முன்னங்கால் ஒன்று தரையில் ஊன்றாமல் தொங்கிக்கொண்டே இருந்தது. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நான் தட்டை எடுத்தால் நொண்டிக்கொண்டு வருவாள். மூன்று காலையும் சாக்கில் வைப்பாள். நாலாவது தொங்கும். அதை எப்படியாவது சாக்கில் தொடவைக்க உடம்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். நான் “சரி, சரி” என்று தட்டை வைத்துவிடுவேன். சாப்பிட மாட்டாள். நகம் சாக்கில் உரசிய பிறகுதான் தட்டில் வாய் வைப்பாள். நான் கெடுத்ததை அவளாகவே திருத்திக்கொண்டாள். தினம் இரண்டு வேளை எனக்கு இந்தத் தண்டனை. அவள் செத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. விட்டது என்று இருந்தது. இப்படிப்பட்டவள் உன் அம்மா. என் பெயரைத்தான் நீ பத்திரிகையில் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறாய்.

உன் அப்பா தங்கக் கட்டி என்று நான் எழுத வரவில்லை. கணக்கில் மார்க் குறைந்ததற்கு உன்னை பெல்ட்டால் அடித்தார். தழும்பு இருக்கிறது, நானே எண்ணெய் போட்டேன். அந்தக் கோபம் உன்னுடையது. அதை வைத்துக்கொள், அவரிடமே கேள், கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் செய்யாத ஒன்றுக்காக அவரை ஊர் முன்னால் நிறுத்தாதே. அந்த ஒன்றுக்காகத்தான் நீ பதினெட்டு வயசில் மெட்ராஸுக்கு ரயில் ஏறினாய், அவரோடு பேச்சை விட்டாய். நாயை அடித்து ஒடித்தவரின் பிள்ளையாக இருந்தும் நாயை அன்பால் பழக்குகிறவன் என்று பணக்கார வீடுகளில் பேர் வாங்கினாய். உன் பெருமைக்கே அஸ்திவாரம் அந்தக் கதைதான். இப்போது அதை உருவுகிறேன். கட்டடம் ஆடினால் ஆடட்டும்.

அன்பால் பழக்குகிற லட்சணத்தையும் போன மாதம் பார்த்தேன். இரண்டு நாள் இருந்தாய். இரண்டே நாளில் சிட்டுவைப் பலகை ஓட வைத்துவிட்டேன் என்று கை தட்டினாய். அவள் மைனாவுக்குப் பேத்தி. உன் அப்பா ஒரு வருஷமாகப் பரணிலிருந்து அந்தப் பழைய பலகையை இறக்கி வைத்து, ஒவ்வொரு காலாகச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார். நீ வந்தாய், முன்னங்கால் மஞ்சளைத் தொட்டதும் ஈரல் துண்டை வீசினாய். வேகம் வந்தது, பின்னங்கால் பழக்கம் போனது. “அப்பா பழக்குனது நாலு காலாச்சே” என்று கேட்டேன். “அம்மா, லண்டன்லேருந்து வந்த விதிப்புத்தகத்துல ஒரு கால் பட்டாலே போதும்னு இருக்கு. நாலு கால் வைக்கிறதுக்குள்ள மத்த நாய் ஜெயிச்சுட்டுப் போயிடும்” என்றாய். கொல்லையில் நின்ற உன் அப்பா முகத்தைப் பார்த்தேன். உன்னைத் தடுக்கவில்லை. பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு மகன் தன் பலகையில் கை வைத்திருக்கிறான், அதுவே போதும் என்று நின்றுகொண்டிருந்தார். நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை. புத்தகம் எழுதியவனுக்குத் தோள் ஒடியாது, மகனே. பாதிக் கிணறு தாண்டக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். உன்னைப்போலவே நானும் அதைச் செய்திருக்கிறேன். நீ பேருக்காகச் செய்தாய், நான் வன்மத்துக்காகச் செய்தேன். நாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

நேற்றுக் காலை அவரிடம் சொல்லிவிட்டேன். சிட்டுவுக்குச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். “ஏங்க, மைனா விழுந்தது என்னாலதான். நீங்க பாளையங்கோட்டைக்குப் போன எட்டு நாளும் நான் ரெண்டு காலுக்கே தட்ட வச்சேன்” என்றேன். அவர் நிமிரவில்லை.

“தெரியும்ட்டி. சாக்குக்குப் பின்னால குழி கெடந்துச்சே.”

“தெரிஞ்சிருந்துமா இத்தன வருஷம் வாய மூடிட்டு இருந்தீக? அந்தப் பய ஒங்கள என்ன பாடு படுத்துதான்! பத்திரிகையில பேரக்கூடப் போடல!”

அவர் சாக்கின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னார். “அவன் அன்னைக்கே என்னைய வெறுத்துட்டான். ஒன்னையும் வெறுத்துட்டா, பய எங்கன வந்து சோறு திம்பான்?” சாக்கின் மறுமுனையை இழுத்துவிட்டு, “அந்தச் சாக்கு ஒன் யோசனைதான். அந்த எஸ்டேட்காரர்ட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கப்பிடாது” என்றார்.

நான் உருகிப்போய் அவர் காலில் விழுந்தேன் என்று நினைக்காதே. பற்றிக்கொண்டு வந்தது. “இத அன்னைக்கே சொல்லுததுக்கு என்ன கொள்ள?” என்று கத்தினேன். செல்லம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு அவர் சொல்லியிருந்தால் மைனாவுக்கு நாலு கால் இருந்திருக்கும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு ஒரு அப்பா இருந்திருப்பார். வாயைத் திறக்காத இரண்டு பேருக்குப் பிறந்தவன் நீ. அதனால்தானோ என்னவோ, நீயாவது வாய் திறந்தாய் என்று நினைத்தால், திறந்து தப்பாகப் பேசியிருக்கிறாய்.

“அவனுக்கு எழுதிராத” என்று சொல்லியிருக்கிறார். கல்யாண நேரத்தில் பிள்ளை மனசு கலங்கக் கூடாதாம். பெற்ற மனம் பித்து என்பது அவருக்குத்தான் பொருந்தும். எனக்குப் பிள்ளை மனசு நன்றாகக் கலங்கட்டும் என்றுதான் இருக்கிறது. சிட்டுவை அனுப்பமாட்டேன், போட்டியை மறந்துவிடு. பத்திரிகைக் கட்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன், செல்லம்மா வாங்கிப் போனதையும் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறேன். அவர் பெயரை முதலில் போட்டு, என் பெயரை அதற்குக் கீழே போட்டு, புதிதாக அடி. அதைத் தபாலில் போடாதே. வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து, நீயே வந்து, அவர் கையில் கொடு. அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. யார் நாயை ஒடித்தது என்று அவர்கள் கேட்டால் நான் வாசலில்தான் நிற்பேன், என்னைக் காட்டு. என்னை வெறுப்பதானால் வெறுத்துக்கொள். சோறு எப்போதும்போல இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகக் கொல்லை தெரிகிறது. சாரல் இப்போதுதான் விட்டிருக்கிறது. நீ இரண்டு நாளில் கெடுத்ததை ஒரு மாதமாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம். சிட்டு மூன்று கால் வைத்துவிட்டாள். நாலாவது காலுக்காக உன் அப்பா தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார். முழங்கால் வலிக்கும், எழுந்திருக்க மாட்டார். எத்தனை நாளானாலும் அப்படியே இருப்பார், அவருக்கு அவசரமே கிடையாது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆவணி பிறப்பதற்குள் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அம்மா